உருளையைச் சுற்றி டூல்பாத்தை நகலெடுப்பது: ஃபோர்த் ஆக்சிஸில் பேட்டர்ன் போடும் முறை

வெளிவிட்டம் 60 மிமீ, உள்விட்டம் 40 மிமீ உள்ள ஒரு ஸ்லீவ். சுற்றிலும் 6 ஸ்லாட். ஒவ்வொன்றும் 10 மிமீ அகலம், 40 மிமீ நீளம், 6 மிமீ ஆழம். மெட்டீரியல் 4140 அலாய் ஸ்டீல். சிங்கப்பூரில் டுவாஸ், ஜூரோங் பக்கம் ஆயில் அண்ட் கேஸ் வேலை எடுக்கும் ஷாப்புகளில் கை வைத்தவர்களுக்கு இது பழகிய ஜாப்தான்.

ஆறு ஸ்லாட்டுக்கும் தனித்தனியாக டூல்பாத் (டூல் வெட்டிக்கொண்டு போகும் பாதை) போடத் தேவையில்லை. ஒன்றை ஒழுங்காகப் போட்டு, மீதி ஐந்தை சாஃப்ட்வேரையே சுற்ற வைத்துவிடலாம். அது ஐந்து நிமிட வேலை. நேரத்தைத் தின்பது வேறு இடம்: நகல் எந்த அச்சைச் சுற்றிப் போகிறது, மெஷினில் அந்த அச்சு எங்கே இருக்கிறது என்ற கணக்கு. அது தப்பினால் ஆறு ஸ்லாட்டும் ஒற்றுமையாகத் தப்பும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வெர்ட்டிகல் மெஷினின் மேஜையில் ரோட்டரி டேபிள் (ஜாபைப் பிடித்துச் சுழற்றும் நாலாவது ஆக்சிஸ்) வைத்த அமைப்பு. ரோட்டரி எக்ஸ் அச்சைச் சுற்றுவதால் அது ஏ ஆக்சிஸ். ஹாரிசான்டல் மெஷினில் பி, மில்-டர்னில் சி என்று எழுத்து மாறும், கணக்கு அதேதான்.

சென்டர் பிடிப்பது

ஒர்க் ஆஃப்செட்டின் (ஜாபின் பூஜ்யப் புள்ளி மெஷினில் எங்கே என்று பதியும் எண்கள்) ஒய் ஜீரோவும் இசட் ஜீரோவும் ரோட்டரி சுழலும் அச்சின் மேலேயே இருக்க வேண்டும். ஜாபின் மேல்பரப்பில் அல்ல. எக்ஸ் ஜீரோ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஸ்லீவின் திறந்த முனையில் வைப்பது வசதி. இப்படி வைத்தால் ஆறு ஸ்லாட்டுக்கும் எக்ஸ், ஒய், இசட் எண்கள் அச்சு அசலாக ஒன்றே. மாறுவது ஏ மட்டும். அச்சை விட்டு வேறிடத்தில் ஜீரோ வைத்தால் ஒவ்வொரு கோணத்துக்கும் எண்கள் மாறும். ஃபானக் கன்ட்ரோலில் ஜி54.2, ஹாஸின் ஐந்து ஆக்சிஸ் மெஷின்களில் ஜி254 என்று அதற்கும் வழி உண்டு. ஆனால் நாலு ஆக்சிஸில் ஒரு ஸ்லீவ் வெட்ட அந்தச் சுற்றுவழி எதற்கு?

முதலில், கிரைண்ட் செய்த ஒரு பாரைச் சக்கில் பிடித்து, 150 மிமீ நீளத்துக்கு மேலேயும் பக்கவாட்டிலும் டயல் ஓட்டிப் பாருங்கள். 0.01 மிமீக்குள் வரவில்லை, 180 டிகிரி திருப்பினாலும் சாய்வு அதே பக்கம்தான் என்றால் ரோட்டரி டேபிளே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஆஃப்செட்டில் அதைச் சரிக்கட்ட முடியாது. போல்ட்டைத் தளர்த்தி நேராக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ஒய் சென்டர். ஏ0வில் (ரோட்டரி 0 டிகிரியில் நிற்கும்போது) பாரின் இரு பக்கமும் எட்ஜ் ஃபைண்டர் தொட்டு நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரைத் தொடாமல், ரோட்டரியை மட்டும் 180 டிகிரி திருப்பி மறுபடி அதையே செய்யுங்கள். முதல் நடுப்புள்ளி -212.340, இரண்டாவது -212.364 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அச்சு இரண்டின் சராசரி, -212.352. வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.012, பார் சக்கில் விலகி உட்கார்ந்திருக்கும் அளவு. ஏ0வில் மட்டும் தொட்டுவிட்டு அதையே சென்டர் என்று எழுதிக்கொள்வது பலருக்குப் பழக்கம். அப்போது சக்கின் பிழை அப்படியே ஆஃப்செட்டுக்குள் புகுந்துவிடும்.

இசட்டுக்கும் இதே வழி. பாரின் உச்சியைத் தொட்டு, 180 திருப்பி மறுபடி தொட்டு, சராசரியிலிருந்து பாரின் ஆரத்தைக் கழியுங்கள். ஆரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து எடுங்கள், டிராயிங்கைப் பார்த்து எழுதாதீர்கள்.

இந்த இசட் விஷயத்தை செட்டப் ஷீட்டின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்: "இசட் ஜீரோ = ரோட்டரி சென்டர்". புரோகிராமர் ஆங் மோ கியோவில், மெஷின் டுவாஸில் என்றால் இரவு ஷிஃப்டில் "அண்ணே, இசட் ஜீரோ மேலேயா சென்டரா?" என்று போன் வரத்தான் செய்யும். போன் வந்தால் நல்லது. கேட்காமலே செட்டர் வழக்கம்போல ஜாபின் மேல்பரப்பைத் தொட்டு ஜீரோ போட்டால், டூல் இருக்க வேண்டியதைவிட 30 மிமீ உயரத்தில் காற்றை வெட்டும், சேதம் இல்லை. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. மேல்பரப்பை ஜீரோவாக வைத்து எழுதிய புரோகிராமில் ஸ்லாட் அடி இசட்-6. செட்டர் சென்டரை ஜீரோவாக வைத்திருந்தால் டூல் பரப்பிலிருந்து 36 மிமீ கீழே இறங்கும்.

மூல ஸ்லாட்

மூலத்தை ஏ0வில், உச்சியில் இருக்கும் ஸ்லாட்டுக்குப் போடுங்கள். 8 மிமீ கார்பைடு எண்ட்மில், 4 ஃப்ளூட், 3,500 ஆர்பிஎம், பல்லுக்கு 0.03 மிமீ என்றால் ஃபீட் 420. பரப்பு இசட்30, ஸ்லாட் அடி இசட்24. சுவருக்கு 0.2 மிமீ விட்டு ரஃப், பிறகு ஃபினிஷ்.

ஆழத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதை டிராயிங்கில் உறுதி செய்துகொள்ளுங்கள். 60 மிமீ உருளையில் 10 மிமீ அகல ஸ்லாட்டின் விளிம்பு உச்சியைவிட 0.42 மிமீ தாழ்ந்திருக்கும். டெப்த் மைக்ரோமீட்டரை விளிம்பில் வைத்தால் 5.58 காட்டும், கியூசி "ஆழம் பத்தவில்லை" என்று ஜாபைத் திருப்பி அனுப்புவார். ஆறு ஸ்லாட் ஜாபில் எதிரெதிர் அடிகளுக்கு இடையே அளப்பதே குழப்பமில்லாதது: 48.00 வர வேண்டும். ஏழு ஸ்லாட் என்றால் எதிரே ஸ்லாட் இருக்காது; அங்கே எதிர்ப்பரப்புக்கு 54.00.

கிளியரன்ஸ் உயரமும் அச்சிலிருந்துதான் கணக்கு. உருளைக்கு ஆரம் கூட்டல் ஏதோ ஒன்று என்று போய்விடலாம். சதுர ஸ்டாக்கிலிருந்து வெட்டும்போது மூலைவிட்டத்தைப் பாருங்கள்: 50 × 50 பாரின் மூலை, சுழலும்போது 35.36 மிமீ உயரத்துக்கு வரும். தட்டைப் பக்கத்தை மட்டும் பார்த்து 30 என்று கொடுத்திருந்தால், திரும்பும்போது மூலை டூலில் அடிக்கும். ரோட்டரி திரும்பும் நேரத்துக்கு எப்போதும் தனியாக ஒரு பெரிய உயரம் கொடுங்கள். இந்த ஜாபுக்கு இசட்100 போதும்.

சாஃப்ட்வேரில் சுற்றுவது

ஃபியூஷனில், மூல ஆபரேஷன்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் பேட்டர்னில் சேருங்கள். வகை சர்குலர். அச்சுக்கு ஸ்லீவின் உருளைப்பரப்பைக் காட்டலாம், எண்ணிக்கை 6, சம இடைவெளி. எண்ணிக்கையில் மூலமும் சேர்த்தி. கவனிக்க வேண்டிய டிக் 'கீப் ஓரியன்டேஷன்'. அது விழுந்திருந்தால் டூல் திசை திரும்பாமல் பாதை மட்டும் இடம் மாறும். உருளையைச் சுற்றிய வேலையில் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

மாஸ்டர்கேமில் டிரான்ஸ்ஃபார்ம் டூல்பாத், வகை ரொட்டேட். முறையில் 'கோஆர்டினேட்' என்பதை விட்டுவிட்டு 'டூல் பிளேன்' எடுங்கள். கோஆர்டினேட் போட்டால் பாதை மட்டும் சுழலும், ரோட்டரிக்குக் கட்டளையே வராது. ரொட்டேட் பக்கத்தில் சுழலும் தளத்தை டிக் செய்து ரைட் தளத்தைக் காட்டுங்கள். எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தான தளம் அதுதான். அடுத்தது ஒர்க் ஆஃப்செட் எண்: மூல ஆபரேஷனுடையதையே வைத்திருக்கச் சொல்லுங்கள். தானாக ஒதுக்க விட்டால் முதல் ஸ்லாட் ஜி54, அடுத்தது ஜி55, அதற்கடுத்தது ஜி56 என்று வெளிவரும். ஜி55இல் போன மாதத்து வைஸின் எண்கள் உட்கார்ந்திருக்கலாம். மிச்சத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

மாஸ்டர்கேமில் இன்னொன்று: நகலில் மூலக் கோணமும் அடங்கியிருந்தால் மூலத்தின் போஸ்டிங்கை (மெஷின் கோடாக எழுதுவதை) நிறுத்துங்கள். இல்லையென்றால் ஏ0 ஸ்லாட் இரண்டு தடவை வெட்டப்படும். ஜாப் கெடாது. நேரம்தான் வீண், சுவரில் உரசிய பளபளப்பும் தெரியும்.

என்எக்ஸில் டிரான்ஸ்ஃபார்ம் செய்யும்போது காப்பியா இன்ஸ்டன்ஸா என்று கேட்கும். இன்ஸ்டன்ஸ் எடுத்தால் மூலத்தை மாற்றும்போது எல்லாம் மாறும். காப்பி எடுத்தால் ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்த வேண்டும்.

வரிசையில் கொஞ்சம் யோசனை தேவை. இந்த ஜாபுக்கு ரஃப், ஃபினிஷ், சேம்ஃபர் என்று மூன்று டூல். ஒரு ஸ்லாட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் 18 டூல் மாற்றம். டூல் வாரியாகப் போனால் 3. ரோட்டரி திரும்பும் எண்ணிக்கை கூடும் என்றாலும் பெரும்பாலும் இதுவே லாபம். சுவர் மெல்லிய ஸ்லீவ் என்றால் நேரத்தையும் தாண்டி ஒரு காரணம் உண்டு: எல்லா ரஃப்பும் முடிந்து உள்ளிறுக்கம் வெளியேறிய பிறகு ஃபினிஷ் செய்தால் ஆறு ஸ்லாட்டும் ஒரே அளவில் நிற்கும். கடைசி ஸ்லாட்டை வெட்டும்போது முதல் ஸ்லாட் சுருங்கிப் போகும் தொல்லை இராது.

சிமுலேஷனை முதல் ஸ்லாட்டோடு நிறுத்தாதீர்கள். மூன்று தாடைச் சக்கில் தாடைகள் 120 டிகிரிக்கு ஒன்று; ஸ்லாட்டுகள் 60க்கு ஒன்று. ஏ0வில் இரு தாடைக்கு நடுவிலுள்ள காலியிடம் மேலே இருந்தால், ஏ60இல் ஒரு தாடை நேராக மேலே வந்து நிற்கும். சக் பக்கம் நெருங்கும் ஸ்லாட்டில், முதல் வெட்டில் ஹோல்டருக்கு நிறைய இடம் இருந்த அதே எக்ஸில், இரண்டாவது வெட்டில் தாடை காத்திருக்கும். சக்கையும் தாடையையும் மாடலில் சேர்த்து ஆறையும் ஓட்டிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

போஸ்ட் செய்த கோடில் என்ன பார்ப்பது

சுருக்கமாக இப்படி இருக்க வேண்டும் (எழுத்துகள் இங்கே தமிழில், கன்ட்ரோலில் வழக்கம்போல அடிக்கவும்). எம்10 ரோட்டரியின் பிரேக் போட, எம்11 எடுக்க. இது ஹாஸின் வழக்கம். மற்ற மெஷின்களில் எண் மாறும், மெஷின் புத்தகத்தில் பாருங்கள்.

ஜி90 ஜி0 இசட்100.
எம்11
ஏ-5.
ஏ0.
எம்10
எம்98 பி1000
எம்11
ஏ60.
எம்10
எம்98 பி1000

இப்படியே ஏ300 வரை. எம்98 அழைக்கும் 1000 என்ற துணைப்புரோகிராமில் ஸ்லாட் வெட்டும் பாதை மட்டும் இருக்கும். முடிவில் இசட்100க்கு ஏறி எம்99. நினைவகம் குறைந்த பழைய கன்ட்ரோலில் ஆறு ஸ்லாட்டின் முழுக் கோடையும் ஏற்றுவதைவிட இது மேல்.

அந்த ஏ-5 சும்மா எழுதியதல்ல. வார்ம் கியர் ரோட்டரியில் சிறிதளவு பேக்லாஷ் (பற்களின் இடைவெளியால் வரும் ஆட்டம்) இருக்கும். ஏ60 முதல் ஏ300 வரை எல்லாமே கூட்டல் திசையில் வந்து நிற்பவை. ஏ0 மட்டும் முந்தைய ஜாப் முடிந்து 300இலிருந்து கழித்தல் திசையில் திரும்பி வந்தது. அதனால் ஐந்து ஸ்லாட் ஒரு பக்கம், முதல் ஸ்லாட் மட்டும் பேக்லாஷ் அளவுக்குத் தள்ளி இருக்கும். 5 டிகிரி பின்னால் போய் முன்னால் வந்தால் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துவிடும்.

துணைப்புரோகிராமுக்குள் ஜி91 ஏ60. (ஜி90 பூஜ்யத்திலிருந்து அளக்கும், ஜி91 நிற்கும் இடத்திலிருந்து) என்று போட்டு எல்6 என்று திருப்பி ஓட்டும் வழக்கமும் உண்டு. 60க்கு அது பிசகாது. 7 ஸ்லாட் வந்தால் பாருங்கள்: 360ஐ 7ஆல் வகுத்தால் 51.428571... போஸ்ட் (டூல்பாத்தை மெஷின் கோடாக மாற்றும் புரோகிராம்) இரண்டு தசமத்தில் 51.43 என்று எழுதினால் ஏழு தடவைக்கு 360.01. ஒரு ஜாபில் 0.01 டிகிரி, 30 மிமீ ஆரத்தில் 0.005 மிமீ, யாருக்கும் தெரியாது. ஆனால் ஜாப் முடிந்ததும் ஜி90 ஏ0வுக்குப் போகாமல் அப்படியே அடுத்ததை ஓட்டினால் 100 ஜாபில் 1 டிகிரி சேர்ந்துவிடும். அது பரப்பில் 0.52 மிமீ. காலையில் சரியாக வந்தது மாலையில் கீவேயை விட்டு விலகி நிற்பதற்கு இது ஒரு காரணம். மேக்ரோவில் ஏ[#100*360./7] என்று ஒவ்வொரு கோணத்தையும் பூஜ்யத்திலிருந்தே கணக்கிட்டால் பிழை சேராது. #100 என்பது 0 முதல் 6 வரை ஏறும் எண். ஜி91 பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், திருப்பிய அடுத்த வரியிலேயே ஜி90. அதை மறந்தால் அடுத்த இசட் நகர்வு எங்கே போகும் என்பது மெஷினுக்கே வெளிச்சம்.

திசைக்குறி. ஆறு சம ஸ்லாட் ஜாபில் ஏ கூட்டலுக்குப் பதில் கழித்தலாகச் சுற்றினாலும் ஜாப் சரியாகவே வரும். அதனால் போஸ்ட்டில் குறி தப்பாக இருப்பது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். ஒருநாள் ஒரே ஒரு ஸ்லாட்டும் அதிலிருந்து 30 டிகிரியில் ஒரு ஃபிளாட்டும் உள்ள ஜாப் வரும். ஃபிளாட் எதிர்ப்பக்கத்தில் விழும். புதிய போஸ்ட் அல்லது புதிய மெஷின் என்றால், வீணான பைப்பில் நீல மார்க்கர் பூசி, ஏ0வில் ஒரு புள்ளி, ஏ30இல் இரண்டு புள்ளி சென்டர் டிரில்லால் குத்தி, திறந்த முனையிலிருந்து பார்த்து மாடலோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் ஆகாது.

ஜாபைப் பார்த்து நோயைச் சொல்வது

முதல் ஜாபை அளந்தால், பிழை எப்படிப் பரவியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

இடைவெளி எல்லாம் 60 டிகிரி சரி, ஆனால் எதிரெதிர் ஸ்லாட்டுகள் ஒரே கோட்டில் இல்லை: ஒய் சென்டர் தப்பு. ஒய் 0.05 விலகினால் ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரே பக்கமாக 0.05 தள்ளி வெட்டப்படும்; ஜாபில் எதிரெதிரே பார்க்கும்போது 0.10 வித்தியாசமாகத் தெரியும். அளந்த எண்ணில் பாதியை ஒய் ஆஃப்செட்டில் திருத்துங்கள். முழுதையும் திருத்தினால் பிழை மறுபக்கம் போய்விடும். பலரும் வழுக்குவது இங்கேதான்.

எல்லா ஸ்லாட்டும் ஒரே அளவு ஆழம் கூட அல்லது குறைய: இசட் சென்டர் அல்லது டூல் நீளம். எதிர் அடிகளுக்கு இடையே 48.00க்குப் பதில் 48.06 வந்தால் ஒரு பக்கத்துக்கு 0.03 இறக்க வேண்டும்.

பரப்பிலிருந்து அளந்த ஆழம் ஒரு பக்கம் கூடி எதிர்ப்பக்கம் குறைகிறது, ஆனால் எதிர் அடிகளுக்கு இடையே 48.00 சரி: ஸ்லீவ் சக்கில் விலகி உட்கார்ந்திருக்கிறது. ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். தாடையில் சிப் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், சாஃப்ட் தாடையைப் போர் செய்து போடுங்கள்.

ஏதோ ஒரு ஸ்லாட் மட்டும், ஜாபுக்கு ஜாப் வேறு வேறு இடத்தில்: பிரேக். காற்று அழுத்தம் குறைந்தாலும் பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் பட்டாலும் ரோட்டரி வெட்டும் விசையில் லேசாக நழுவும். ஸ்லாட் சுவரில் சாட்டர் (அதிர்வு) வரியும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். எப்போதும் முதல் ஸ்லாட்தான் என்றால் மேலே சொன்ன பேக்லாஷ்.

கோணம் சரியாக இருந்தும் திரும்பும்போது ரோட்டரி நீண்ட வழியில் சுற்றினால் அது வெட்டுப் பிழை அல்ல, அமைப்பு. ஃபானக்கில் 1008 என்ற பாராமீட்டர்தான் ரோட்டரி 360இல் பூஜ்யமாவதையும் குறுக்கு வழியில் போவதையும் தீர்மானிக்கிறது. அதை மெயின்டனன்ஸ் ஆளோடு பேசாமல் மாற்றாதீர்கள். மற்ற புரோகிராம்களும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

சுற்றி வளையும் பாதை என்றால்

இதுவரை சொன்னது நின்று வெட்டி, திரும்பி, மறுபடி நின்று வெட்டும் வேலைக்கு. ஹெலிகல் எண்ணெய்க் கால்வாய், உருளை மேல் எழுத்து போன்றவற்றில் ஏ வெட்டிக்கொண்டே சுழலும். அப்போது தட்டையில் வரைந்த பாதையைச் சாஃப்ட்வேர் உருளையில் சுருட்டும். ஃபியூஷனில் அதற்கு 'ராப் டூல்பாத்', மாஸ்டர்கேமில் 'ஆக்சிஸ் சப்ஸ்டிடியூஷன்'. மில்-டர்னில் கன்ட்ரோலே செய்வது ஜி07.1. பிரேக் எடுத்தபடிதான் ஓட வேண்டும். பிரேக் போட்டபடி ஓட்டினால் சர்வோ அலாரம்.

இங்கே நகலைத் தட்டையில் போடாதீர்கள். 60 மிமீ விட்டத்தின் சுற்றளவு 188.496, ஆறில் ஒரு பங்கு 31.416. அதை 31.4 என்று நேர்கோட்டு பேட்டர்னாகப் போட்டால் ஆறு இடைவெளிக்கு 0.096 மிமீ குறையும், கிட்டத்தட்ட 0.18 டிகிரி. ஒன்றை மட்டும் சுருட்டி, சுருட்டியதைக் கோணத்தால் சுற்றுங்கள். சுருட்டும் விட்டமும் பரப்பின் விட்டமாகவே இருக்கட்டும்.

ஃபீட்டில் கடைசியாக ஒரு பொறி. ஏ மட்டும் நகரும் வரியில் எஃப்200 என்றால், பல கன்ட்ரோல்கள் அதை நிமிடத்துக்கு 200 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். 60 மிமீ விட்டத்தில் அது 105 மிமீதான். டூல் தேய்க்கும், சத்தம் போடும். அதே எஃப்200 ஒரு 300 மிமீ டிரம்மில் 524 மிமீ ஆகிவிடும், எண்ட்மில் முறியும். 60 மிமீ பரப்பில் உண்மையாக 200 மிமீ ஃபீட் வேண்டும் என்றால் 382 டிகிரி கொடுக்க வேண்டும்: ஃபீட்டை 360ஆல் பெருக்கி, பை பெருக்கல் விட்டத்தால் வகுங்கள். அதே 382 டிகிரியில், 48 விட்டத்தில் இருக்கும் ஸ்லாட் அடியில் டூல் காண்பது 160 மிமீ. எக்ஸும் ஏவும் சேர்ந்து நகரும் பாதையில் கையால் கணக்குப் போட்டு மாளாது. போஸ்ட்டில் ஜி93ஐ இயக்கிவிடுங்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் எஃப் எண் வேறாக வரும், ஃபீட்டைத் தூரத்தால் வகுத்த எண் அது. வெட்டு முடிந்ததும் வழக்கமான நிமிட ஃபீட்டான ஜி94க்குத் திரும்பும் வரி இருக்கிறதா என்று கோடின் வாலில் பாருங்கள்.